பரிசு கொடுத்தார்கள், நேரம் கொடுக்கவில்லை

2011 ஜனவரியில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் உள்ள மேயோ கிளினிக் என்னும் பெரிய மருத்துவமனை, தன்னிடம் பயிற்சி பெற்றுவந்த மருத்துவர்கள் அத்தனை பேருக்கும் ஓர் அழைப்பு விடுத்தது. குழுவாகச் சேர்ந்துகொள்ளுங்கள், பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி செய்யுங்கள், பரிசு உண்டு என்பதே அதன் சாரம். இதனால் அவர்களின் பணிச்சோர்வு குறைந்ததா என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். என்ன பயிற்சி, எந்த நேரம் என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். அழைப்பு போனது ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு. சேர்ந்தவர்கள் 245 பேர், அதாவது 23 விழுக்காடு.

மினசோட்டாவின் ஜனவரி, வெளியில் இறங்கி ஓடக்கூடிய காலம் அல்ல. வெப்பமானி பெரும்பாலான நாள்களில் பகலிலும் உறைநிலைக்குக் கீழேயே நிற்கும். ரோசெஸ்டர் நகர்மையத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் சுரங்க நடைபாதையும் தலைக்கு மேலே மூடிய நடைபாதையும் போட்டு வைத்திருப்பது அதனால்தான். இருட்டில் வேலைக்கு வந்து இருட்டில் வீடு திரும்பும் பருவத்தில் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது துணிச்சல்தான். வெயிலடிக்கும் ஜூன் மாதத்தில் ஆய்வை வைத்துக்கொண்டு நல்ல எண்களைக் காட்டுவது எளிதாக இருந்திருக்கும்.

திட்டத்தில் சேர்ந்தவர்களிடமும் சேராதவர்களிடமும் தொடக்கத்திலும் முடிவிலும் கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். தொடக்கப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர்கள் 628 பேர். பயிற்சி மருத்துவர்களிடம் படிவம் வாங்குவது எவ்வளவு பாடு என்று அறிந்தவர்களுக்கு இது சின்ன எண் அல்ல என்பது தெரியும். முடிவுகள் 2013 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் சொந்த மருத்துவ இதழில் வெளியாயின.

முடிவுகளை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். நல்ல பாதி முதலில். அமெரிக்க அரசு வயது வந்தவர்களுக்குப் பரிந்துரைக்கும் உடற்பயிற்சி அளவு, வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி அல்லது 75 நிமிடக் கடும் பயிற்சி. திட்டத்தில் சேர்ந்தவர்களில் 48 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டினார்கள். சேராதவர்களில் 23 விழுக்காட்டினரே எட்டினார்கள். வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்விகளில் சேர்ந்தவர்களின் இடைநிலை மதிப்பெண் 75, மற்றவர்களுடையது 68. இரண்டு வித்தியாசங்களும் தற்செயல் என்று ஒதுக்க முடியாதவை.

மறுபாதியில்தான் நாம் தேடி வந்த விஷயம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்தவர்களில் பணிச்சோர்வுக்கு ஆளானவர்கள் 24 விழுக்காடு, சேராதவர்களில் 29 விழுக்காடு. ஐந்து புள்ளி குறைவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஆய்வாளர்களே அதைப் பொருட்படுத்தத்தக்க வித்தியாசமாகக் கொள்ளவில்லை. உடற்பயிற்சிக்கும் பணிச்சோர்வுக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் வெறும் தற்செயலாகவே நூற்றுக்குப் பதினேழு முறை தென்பட்டுவிடும் என்கிறது அவர்களின் கணக்கு. யார் எந்த அணி என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வும் அல்ல இது. விருப்பப்பட்டவர்கள் வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. தொடக்கக் கணிப்பில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்றாலும், படிவத்தில் அகப்படாத ஏதோ ஒரு தெம்பு மிச்சமிருந்தவர்களே வந்திருக்கக்கூடும்.

ஆக, ஓடினார்கள், நன்றாக உணர்ந்தார்கள், பணிச்சோர்வோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

எதை அளந்தார்கள்

பணிச்சோர்வு என்பது வெறும் களைப்பு அல்ல. களைப்பு என்றால் ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். 1974-இல் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இலவச மருத்துவ மையங்களில் தொண்டு செய்பவர்களிடம் கண்ட நிலையை எழுதினார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் அதற்கு ஓர் அளவுகோல் செய்தார்கள். மூன்று கூறுகளை அது தனித்தனியே அளக்கிறது. ஒன்று, கொடுக்க எதுவும் மிச்சமில்லை என்ற உணர்வு வறட்சி. இரண்டாவது, நோயாளியை மனிதராகப் பார்க்காத விலகல். எட்டாவது படுக்கையில் இருப்பவரின் பெயர் மறந்து ‘எட்டாம் பெட் கணையம்’ என்று மட்டும் வாயில் வருவது இந்த வகை. மூன்றாவது, செய்கிற வேலையால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற நினைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோய்களின் வரிசையில் வைக்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட நெருக்கடியின் விளைவு என்று, வேலை சார்ந்த நிலையாக வைத்திருக்கிறது. வேரை மனிதரின் உடம்பில் தேடாமல் பணியிடத்தில் தேடு என்று சொல்லாமல் சொல்கிறது அந்த வரையறை.

பரவலும் சாதாரணமல்ல. டெய்ட் ஷானஃபெல்ட் குழுவினர் 2012-இல் வெளியிட்ட அமெரிக்க அளவிலான கணிப்பில், பதில் தந்த 7,288 மருத்துவர்களில் 45.8 விழுக்காட்டினரிடம் குறைந்தது ஓர் அறிகுறியாவது இருந்தது.

இப்போது நேரக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2003 முதல் பயிற்சி மருத்துவரின் வாரப் பணி, நான்கு வாரச் சராசரியில், 80 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மேயோ திட்டம் நடந்தபோது தொடர்ச்சியாக 24 மணி நேர டியூட்டி பார்க்கலாம், நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கவும் வகுப்புகளுக்காகவும் மேலும் 6 மணி நேரம் வரை இருக்கலாம் என்று இருந்தது. முதலாண்டுப் பயிற்சியாளர்களுக்கு மட்டும், 2017 வரை நீடித்த 16 மணி நேர வரம்பு வந்தது 2011 ஜூலையில். மேயோ திட்டம் நடந்து முடிந்து சில மாதங்கள் கழித்து, அவ்வளவுதான். வாரத்தில் 168 மணி நேரம். வேலை 80 என்றால் மிச்சம் 88. நாளுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்று தாராளமாக வைத்தால் 49 போய்விடும். எஞ்சிய 39 மணி நேரத்தில்தான் சாப்பாடு, குளியல், துணி துவைத்தல், வண்டி ஓட்டி வந்து போவது, தேர்வுக்குப் படிப்பது, கணவன் மனைவி குழந்தை, ஊரிலிருந்து வரும் போன் எல்லாம். 150 நிமிடம் என்பது இரண்டரை மணி நேரம்தானே என்று தோன்றும். அந்த இரண்டரை மணி நேரம் எந்தத் தலைப்பிலிருந்து கழிக்கப்படும் என்று கேட்டால் பெரும்பாலும் தூக்கம் என்றே பதில் வரும். முப்பது மணி நேர டியூட்டி முடித்து வருகிறவர் ஜிம்முக்குப் போவதா, கட்டிலுக்குப் போவதா என்று ஆலோசிக்கத் தேவையில்லை.

குழுவில் சேர்ந்து, பரிசும் காத்திருந்த நிலையிலும், சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பரிந்துரைத்த அளவை எட்டவில்லை என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உடற்பயிற்சியின் பலனை அறியாத கூட்டமா அது? தினமும் நூறு நோயாளிகளிடம் ‘நடங்கள்’ என்று சொல்லுகிறவர்கள்.

கூட்டமா, ஓட்டமா

இந்த இடத்தில் இன்னொரு ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், மேய்ன் மாநிலத்தில் இருக்கிறது நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி. அங்கே டேனா யார்க்ஸும் சக ஆய்வாளர்களும் 69 மருத்துவ மாணவர்களை மூன்று அணியாக வைத்து 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் அணி வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரக் குழு வகுப்புக்கு வர வேண்டும். வயிறு, முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் வகுப்பு அது. அதற்கு மேல் வேண்டிய பயிற்சியை அவர்களே செய்துகொள்ளலாம். இரண்டாவது அணி வாரம் இருமுறையாவது தனியாகவோ, அதிகம் போனால் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டோ தாங்களாகவே பயிற்சி செய்ய வேண்டும். மூன்றாவது அணி போக்குவரத்துக்காக நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் தவிர எதுவும் செய்யக் கூடாது. மருத்துவக் கல்லூரியில் மூன்றாவது அணிக்கு ஆள் பிடிப்பதில் சிரமம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு வார முடிவில் குழு வகுப்பு அணியின் மனநெருக்கடி 26.2 விழுக்காடு குறைந்திருந்தது. வாழ்க்கைத் தரத்தில் உடல்சார் மதிப்பெண் 24.8, மனம்சார் மதிப்பெண் 12.6, உணர்வுசார் மதிப்பெண் 26 விழுக்காடு ஏறியிருந்தன. தனியாகப் பயிற்சி செய்தவர்கள் இவர்களைப்போல் இருமடங்கு நேரம் வியர்வை சிந்தியிருந்தார்கள். அவர்களுக்கு மனம்சார் மதிப்பெண் மட்டும் 11 விழுக்காடு ஏறியது. மற்ற அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

உடலுழைப்பின் அளவு மட்டுமே காரணம் என்றால் இருமடங்கு உழைத்தவர்களுக்கே அதிகம் கிடைத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இங்கும் சீட்டுக் குலுக்கல் இல்லை, மாணவர்களே அணியைத் தேர்ந்துகொண்டார்கள். கலகலப்பானவர்கள் குழு வகுப்பைத் தேர்ந்திருக்கலாம். ஆள் எண்ணிக்கையும் குறைவு. இந்த ஆட்சேபங்களையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், கூடிச் செய்வதில் ஏதோ இருக்கிறது என்ற ஐயம் போகாது.

அந்த ஐயத்துக்கு உடலியல் ஆதாரமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் படகோட்டி வீரர்கள் பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த ஒரு சிறிய சோதனை 2010-இல் அச்சில் வந்தது. துடுப்பு வலிக்கும் உள்ளரங்க இயந்திரத்தில் ஒருமுறை தனியாகவும் ஒருமுறை அணியாகவும் 45 நிமிடம் பயிற்சி. முடிந்ததும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிக் காற்றை ஏற்றிக்கொண்டே போனார்கள். வலிக்கிறது என்று வீரர் சொல்லும் அளவைக் குறித்துக்கொண்டார்கள். எந்த மருத்துவமனையிலும் மேசை மேல் கிடக்கும் அதே பட்டைதான். அணியாகத் துடுப்பு வலித்த நாள்களில் வலி தாங்கும் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. செலவழித்த உழைப்பில் வித்தியாசம் இல்லை. ஒரே தாளத்தில் உடம்புகள் அசையும்போது, உடம்பே சுரக்கும் வலி நீக்கியான எண்டார்ஃபினின் சுரப்பு கூடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

பயிற்சி மருத்துவருக்கு இதைவிட எளிய காரணமும் இருக்கும். வார்டில் அவர் யாரோ ஒருவருக்குக் கீழே, யாரோ ஒருவருக்கு மேலே. ரவுண்ட்ஸில் பதில் தெரியாவிட்டால் நின்றுகொண்டே திட்டு வாங்க வேண்டும். வாலிபால் வலைக்கு இந்தப் பக்கம் முதலாமாண்டும் மூன்றாமாண்டும் ஒரே அணி, பந்தைத் தவறவிட்டால் சிரிப்புதான் கிடைக்கும். விலகல் என்கிற அந்த இரண்டாவது கூறு, சுற்றியிருப்பவர்களை மனிதர்களாகப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போவதில் தொடங்குகிறது என்றால், இந்த ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு உண்டு.

ஒரே வளாகத்தில் இன்னொரு பரிசோதனை

மேயோ கதைக்குத் திரும்புவோம். உடற்பயிற்சித் திட்டம் நடந்த அதே காலத்தில், 2010 செப்டம்பரிலிருந்து 2012 ஜூன் வரை, அதே ரோசெஸ்டரில், மேயோவின் மருத்துவத் துறையில் கோலின் வெஸ்ட் தலைமையில் வேறொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் முதல் ஆய்வு எனக்குப் புரிந்தது.

வெஸ்ட் ஆய்வில் இருந்தவர்கள் பயிற்சியாளர்கள் அல்ல, பணியிலிருக்கும் 74 மருத்துவர்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு நெறியாளருடன், சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் அமர்வு. ஒன்பது மாதத்தில் மொத்தம் 19 அமர்வுகள். உடற்பயிற்சி எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நிறுவனம் வேலை நேரத்திலிருந்து, சம்பளத்தோடு, ஒதுக்கிக் கொடுத்தது. ஒப்பீட்டு அணிக்கும் அதே ஒரு மணி நேரம் கிடைத்தது. அதை எப்படி வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளலாம். இரண்டு அணியிலும் இல்லாத துறை மருத்துவர்களின் ஆண்டுக் கணிப்பும் கையில் இருந்தது.

குழு அமர்வு அணியில் விலகல் நிலைக்கு ஆளானவர்களின் விகிதம் மூன்று மாதத்தில் 15.5 புள்ளி இறங்கியது. ஒப்பீட்டு அணியில் 0.8 புள்ளி ஏறியது. ஓராண்டுக்குப் பிறகும் இறக்கம் நிலைத்திருந்தது. முழுக் காலத்தையும் ஆய்வுக்கு வெளியே இருந்தவர்களோடு சேர்த்துப் பார்க்கும்போது வரிசை சுவையானது. நேரமும் குழுவும் கிடைத்தவர்களிடம் பணிச்சோர்வு நன்றாகக் குறைந்தது. நேரம் மட்டும் கிடைத்தவர்களிடம் கொஞ்சம் குறைந்தது. இரண்டும் கிடைக்காதவர்களிடம் கூடியது. மனநெருக்கடி, மனச்சோர்வு அறிகுறி, பொதுவான வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் அணிகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உடற்பயிற்சித் திட்டம் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தியது, பணிச்சோர்வை அசைக்கவில்லை. குழு அமர்வு பணிச்சோர்வை அசைத்தது, வாழ்க்கைத் தரத்தை உயர்த்தவில்லை. ஆள்கள் வேறு, முறை வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தும் என் வாசிப்பு இது: பணிச்சோர்வு பணியிடத்தில் உண்டாவது. பணியிடம் தன் நேரத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கும்போது அது இறங்குகிறது. மருத்துவரின் சொந்த நேரத்திலிருந்து எடுத்துச் செய்யும் நல்ல காரியம் அவருடைய உடம்புக்கும் மனதுக்கும் போய்ச் சேருகிறது, வேலையோடு அவருக்கு இருக்கும் உறவைத் தொடுவதில்லை.

அதிகாரம் உள்ள மூத்தவர்களுக்குச் சம்பளத்தோடு நேரம், அதிகாரம் இல்லாத இளையவர்களுக்குப் போட்டியும் பரிசும். யாரும் திட்டமிட்டு இப்படிப் பிரித்திருக்க மாட்டார்கள். பயிற்சியாளரின் ஒரு மணி நேரத்தை வார்டிலிருந்து எடுத்தால் அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்த வேண்டும், பரிசு வாங்கிக் கொடுப்பது அதைவிட மலிவு. மருத்துவமனைகள் எங்கும் இப்படித்தான் யோசிக்கின்றன.

2017-இல் மரியா பனஜியோட்டி குழுவினர் மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்க முயன்ற 19 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். எல்லா ஆய்வுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பார்த்தால், தனி மருத்துவரைக் குறிவைத்த முயற்சிகளின் சராசரிப் பலன் 0.18; எண் பெரிதானால் பலன் பெரிது. வேலை அட்டவணை, பணிச்சுமை, நிர்வாக முறை என்று நிறுவனத்தைத் திருத்திய முயற்சிகளின் பலன் 0.45. இரண்டரை மடங்கு. குழு உடற்பயிற்சி இந்த இரண்டு பெட்டிகளில் எதில் விழும் என்பது பயிற்சியைப் பொறுத்தது அல்ல, அதை எந்த நேரத்தில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கே நடத்துவதானால்

இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி 2024-இல் தந்த அறிக்கையில், முதுநிலைப் பயிற்சி மருத்துவர்கள் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறைகளில் நியாயமான வேலை நேரம், ஓய்வு என்று இருக்கிறது, எத்தனை மணி நேரம் என்ற எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் யோகா வகுப்பு நடத்துவது சுலபம். காலை ஆறு மணிக்கு வரச் சொல்லிப் படம் எடுத்துப் போட்டுவிடலாம். இரவு டியூட்டி முடிந்த முதலாமாண்டு மாணவர் அந்தப் படத்தில் கொட்டாவியோடு நின்றிருப்பார்.

ஒரு துறைத் தலைவர் இதை உண்மையாகவே செய்ய விரும்பினால் என்ன செய்யலாம்? முதலில், துறைக்குள் இரண்டு யூனிட்டுகளை ஜோடி சேர்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு முதல் ஐந்து வரை முதல் யூனிட்டின் பயிற்சியாளர்கள் மைதானத்தில், அவர்களின் வார்டையும் போனையும் இரண்டாவது யூனிட் பார்த்துக்கொள்ளும். வியாழக்கிழமை மாற்று. அட்மிஷன் நாளில் வேண்டாம், இரவு டியூட்டிக்கு மறுநாளும் வேண்டாம். இதை டியூட்டி அட்டவணையிலேயே எழுத வேண்டும், வாட்ஸ்அப் செய்தியாக விடக் கூடாது. வருகைப் பதிவு எடுக்கக் கூடாது, எடுத்த அன்றே அது இன்னொரு டியூட்டி ஆகிவிடும். ஷட்டில், வாலிபால், நடை, எதுவாகவும் இருக்கட்டும், ஆனால் கூடிச் செய்வதாக இருக்க வேண்டும். விளையாடத் தெரியாதவர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கும்படி ஆகிவிடாத விளையாட்டாக இருந்தால் நல்லது. பெண் பயிற்சியாளர்களுக்கு உடை மாற்றப் பூட்டுள்ள அறை மைதானத்துக்குப் பக்கத்தில் இல்லையென்றால், திட்டம் ஆண்களின் திட்டமாகவே முடியும்.

அளக்கும்போது வராதவர்களையும் அளக்க வேண்டும். மேயோ அதைச் செய்தது, அதனால்தான் அந்த ஆய்வு இன்றும் பயன்படுகிறது. வந்தவர்களின் புன்னகையை மட்டும் எண்ணினால் எந்தத் திட்டமும் வெற்றிதான். எந்தத் துறையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்ற பட்டியல் ஒன்று போதும், எங்கே ஆள் பற்றாக்குறை கழுத்தை நெரிக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். உணர்வு வறட்சியையும் விலகலையும் தனித்தனியே குறித்து வைக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும் என்பதில்லை.

செலவு என்று பார்த்தால், யூனிட்டுக்கு ஆறு பயிற்சியாளர்கள் என்று கொண்டால், வாரத்துக்கு ஆறு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் புதிதாக வரும் நோயாளியை யார் பார்ப்பது, கேஸ் ஷீட்டில் யார் கையெழுத்துப் போடுவது, ஏதாவது தவறு நடந்தால் யார் பொறுப்பு என்பதைப் பேராசிரியர்கள் உட்கார்ந்து பேசி எழுதி வைத்த பிறகுதான் வலை கட்டவே போக வேண்டும்.